வெளிநாட்டு டீமோடு வெப் ப்ராஜெக்ட்: முதல் குறிப்பிலிருந்து ஒப்படைப்பு வரை முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டு டீமிடம் வெப் வேலையைக் கொடுக்க நினைக்கிறவர்கள் முதலில் பார்ப்பது மணிக்கு என்ன ரேட் என்பதைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சில ப்ராஜெக்ட்கள் முடிந்தபிறகு பழைய மெயில்களையும் டிக்கெட்களையும் (வேலையையும் பிழையையும் பதிவு செய்கிற குறிப்புகள்) உட்கார்ந்து வரிசையாகப் படித்தபோதுதான் பணமும் நாளும் எங்கே போனது என்று தெரிந்தது. கேள்வி கேட்டுப் பதில் வருவதற்குள் போயிருந்தது. பக்கத்து மேசைக்காரர் "இந்தப் பட்டனை அழுத்தினால் எங்கே போகணும்?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதே கேள்வி பத்து மணி நேர வித்தியாசத்தில் இருக்கிறவரிடமிருந்து வந்தால், அவர் வேலை முடிக்கும்போது கேட்டுவிட்டுப் போவார், நீங்கள் தூங்கி எழுந்து பதில் போடுவீர்கள், அவர் மறுநாள் காலையில்தான் அதைப் பார்ப்பார். ஒரு நாள் போச்சு. பதில் புரியாமல் திரும்பக் கேட்டால் இரண்டு நாள்.

கீழே சொல்லியிருக்கிற எல்லாப் படிகளும் இந்தக் கேள்வி-பதில் சுற்றுகளைக் குறைப்பதற்காகத்தான். மூன்று பேர் முதல் பத்துப் பேர் வரை இருக்கிற டீம், சில மாதங்களில் முடிகிற வேலை, அந்த அளவை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. டீம் தேடும் முன்னால் எழுதி வையுங்கள்

"லாகின், தேடல், கார்ட், பேமெண்ட், அட்மின் பேனல்" என்று ஒரு பட்டியலை அனுப்பி விலை கேட்பதுதான் வழக்கம். அதை வைத்துக்கொண்டு யாராலும் உருப்படியாக மதிப்பிட முடியாது. வருகிற தொகையும் ஊகம், அதை நம்பி நீங்கள் போடுகிற பட்ஜெட்டும் ஊகம். யார் இந்தத் தளத்துக்கு வருவார்கள், வந்து எதைச் செய்து முடித்துவிட்டுப் போவார்கள் என்பதைக் கதைபோல எழுதுங்கள். ஒவ்வொரு கதையிலும் ஏதாவது தவறிப்போனால் என்ன ஆக வேண்டும் என்பதும் இருக்கட்டும், ஏனென்றால் கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

ஒரு சின்ன விஷயத்தைப் பிரித்துக் காட்டுகிறேன். பாஸ்வேர்ட் மறந்துவிட்டால் மாற்றிக்கொள்ளும் வசதி. ஒரே வரிதான். இப்போது அதைச் செய்யப் போகிறவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மெயிலில் போகிற லிங்க் எத்தனை நிமிடம் செல்லும்? ஒருமுறை பயன்படுத்திய லிங்க்கை மறுபடி அழுத்தினால் என்ன காட்ட வேண்டும்? பதிவே செய்யாத முகவரியைப் போட்டால் என்ன சொல்ல வேண்டும்? (இங்கே "இப்படி ஒரு கணக்கு இல்லை" என்று சொல்லக் கூடாது. சொன்னால், ஒவ்வொரு முகவரியாகப் போட்டுப் பார்த்து யார் யார் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று வெளியாள் கண்டுபிடித்துவிடுவார். கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே செய்திதான் வர வேண்டும்.) பாஸ்வேர்டை மாற்றியதும் மற்ற போன்களில் திறந்திருக்கிற லாகின் மூடிக்கொள்ள வேண்டுமா? மெயில் எந்த முகவரியிலிருந்து போகும்? எந்த மொழியில்? ஆக ஒரே வரிக்குள் ஆறு கேள்விகள். எழுதாமல் விட்டால் நல்ல டீம் ஆறையும் கேட்கும், நாள்கள் போகும். மோசமான டீம் ஆறையும் தானாகவே முடிவு செய்துகொள்ளும், அதை நீங்கள் தளம் லைவான பிறகு பயனர் ஒருவர் புகார் சொல்லித்தான் தெரிந்துகொள்வீர்கள்.

எல்லா வசதிக்கும் இவ்வளவு விரிவாக எழுதச் சொல்லவில்லை. பணம், லாகின், தனிப்பட்ட தகவல் ஆகிய மூன்றையும் தொடுகிற இடங்களில் மட்டும் இந்த அளவுக்கு இறங்குங்கள். மற்றவற்றுக்கு ஒரு பத்தி போதும்.

எதெல்லாம் இந்த வேலையில் இல்லை என்ற பட்டியலும் வேண்டும். மொபைல் ஆப் இல்லை, பழைய தளத்தின் கட்டுரைகளை மாற்றித் தருவது இல்லை, இரண்டாவது மொழி இப்போதைக்கு இல்லை, இப்படி. இது இல்லாமல் தொடங்கினால் இரண்டு பக்கமும் "இதுவும் அதில் அடக்கம்தானே" என்று வேறு வேறாக நினைத்துக்கொண்டிருக்கும்.

"வேகமாக இருக்க வேண்டும்", "எல்லாரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும்" என்ற வாக்கியங்களுக்குப் பதிலாக எண்களைப் போடுங்கள். வேகத்துக்குக் கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் என்ற அளவுகோல்கள் இருக்கின்றன: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்கு 200 மில்லிநொடிக்குள் பக்கம் அசைந்துகொடுக்க வேண்டும், படிக்கும்போது பக்கம் குதிக்கிற அளவு 0.1ஐத் தாண்டக் கூடாது. அணுகல் வசதிக்கு (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவதற்கு) டபிள்யூசிஏஜி என்ற வழிகாட்டியின் 2.2 பதிப்பு, ஏஏ நிலை என்று எழுதலாம். அதன்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். இரண்டுமே டூல் வைத்து அளந்து பார்க்கக்கூடியவை. நிற வேறுபாட்டில் தேறிவிட்டதா இல்லையா என்று யாரும் யாரோடும் வாதாட வேண்டியதில்லை.

2. டீமைத் தேர்ந்தெடுப்பது

போர்ட்ஃபோலியோவை (முன்பு செய்த வேலைகளின் தொகுப்பை) பாருங்கள், ஆனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதிலிருக்கும் தளத்தைச் செய்தவர் இன்று அந்த நிறுவனத்தில் இருக்கிறாரா என்பதே உங்களுக்குத் தெரியாது. கடைசிச் சுற்றில் இரண்டு டீம் இருந்தால் இரண்டுக்குமே ஒரு வாரத்தில் முடிகிற சின்ன வேலையைக் காசு கொடுத்துச் செய்யச் சொல்வேன். ப்ராஜெக்டில் நிஜமாகவே தேவைப்படுகிற வேலையாக அது இருக்க வேண்டும். அதில் ஓர் இடத்தை வேண்டுமென்றே தெளிவில்லாமல் விட்டு வைப்பேன். அவர்கள் எழுதித் தரப்போகிற கோட் எப்படி இருக்கிறது என்பதைவிட அந்த இடத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். கேள்வி கேட்கிறார்களா, எப்போது கேட்கிறார்கள், முதல் நாளிலா கடைசி நாளிலா, கேட்கும்போது தங்கள் யோசனையையும் சேர்த்துச் சொல்கிறார்களா? ஒரு கேள்வியும் இல்லாமல் "எல்லாம் தெளிவாக இருக்கிறது, முடித்துத் தருகிறோம்" என்கிற டீமைக் கண்டால் எனக்குப் பயம்தான்.

பேச வந்திருப்பவர் வேறு, வேலை செய்யப் போகிறவர் வேறு என்பது இந்தத் தொழிலில் சகஜம். அதனால் கோட் எழுதப் போகிறவரோடு நேரடியாக அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேளுங்கள், அவர் அதே சமயத்தில் வேறு எத்தனை ப்ராஜெக்டில் இருக்கிறார் என்பதையும். பாதியில் ஆளை மாற்றினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், புதியவர் கற்றுக்கொள்கிற நாள்களுக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. இதையெல்லாம் இந்தக் கட்டத்திலேயே பேசிவிடுங்கள், கையெழுத்துப் போட்ட பிறகு பேசுவது கஷ்டம்.

மதிப்பீட்டை ஒரே எண்ணாக வாங்காதீர்கள். "இந்தப் பகுதி 6 முதல் 10 நாள்; பேமெண்ட் கேட்வேயின் சோதனைக் கணக்கு முதல் வாரத்திலேயே கிடைத்துவிடும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம்" என்ற மாதிரி வீச்சும் அனுமானமும் சேர்ந்து வர வேண்டும். பிறகு நாள் தள்ளும்போது எந்த அனுமானம் பொய்த்தது என்று இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசலாம்.

3. ஒப்பந்தம்

காசு கொடுத்துச் செய்ய வைத்தால் கோட் நம்முடையது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பல நாடுகளில் சட்டம் அப்படி இல்லை. ஊழியர் எழுதினால் பொதுவாக நிறுவனத்துக்குப் போய்விடும், ஆனால் வெளியாள் ஒப்பந்தத்தில் எழுதித் தருகிற கோடின் காப்புரிமை, எழுத்து மூலமாக மாற்றித் தராதவரை, எழுதியவரிடமே இருக்கலாம். ஆகவே உரிமை உங்களுக்கு மாற்றப்படுகிறது என்ற வரி ஒப்பந்தத்தில் நேரடியாக இருக்க வேண்டும், அந்த நிறுவனம் தன் ஆட்களிடமும் துணை ஒப்பந்தக்காரர்களிடமும் அதேபோல எழுதி வாங்கியிருக்கிறது என்ற உறுதியும் வேண்டும். அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கிற சொந்த லைப்ரரியை (மறுபடி மறுபடி பயன்படுத்த எழுதி வைத்த கோட் தொகுப்பை) பயன்படுத்தினால் அதை எப்போதும் பயன்படுத்திக்கொள்ள உங்களுக்கு அனுமதி, ஓப்பன் சோர்ஸ் (எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிடப்பட்ட) பாகங்கள் எவை, அவற்றின் லைசென்ஸ் என்ன என்ற பட்டியல், இவையும் எழுத்தில் வரட்டும்.

பணத்தை மாதக் கணக்கிலோ "30 சதவீதம் முடிந்ததும்" என்றோ பிரிக்காதீர்கள், 30 சதவீதம் என்பதை யார் அளப்பது? ஸ்டேஜிங் சர்வரில் (லைவ் போகும் முன் தளத்தைச் சோதித்துப் பார்க்கிற இடத்தில்) ஓடுகிற ஒன்றோடு ஒவ்வொரு தவணையையும் கட்டுங்கள்: "பயனர் பதிவு செய்து, பொருளைத் தேர்ந்தெடுத்து, சோதனை அட்டையில் பணம் கட்டி, உறுதி மெயில் வாங்கும் வரை ஸ்டேஜிங்கில் வேலை செய்கிறது." கடைசித் தவணையை ஒப்படைப்போடு வையுங்கள், அதை விட்டுவிட்டால் ஒப்படைப்பு இழுத்துக்கொண்டே போகும். உங்கள் பக்கத்துக் கடமையும் அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அதாவது எத்தனை வேலை நாளுக்குள் பார்த்து ஒப்புதல் தருவீர்கள், பில் வந்து எத்தனை நாளில் பணம் அனுப்புவீர்கள் என்பது. தாமதத்துக்குக் காரணம் பாதி நேரம் வேலை கொடுத்தவர்கள்தான், இதை நான் என் பழைய மெயில்களிலேயே பார்த்துவிட்டேன்.

எந்த நாணயம், வங்கிக் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் தெளிவாக்குங்கள். வெளிநாட்டுப் பரிமாற்றத்தில் அனுப்புகிறவரே எல்லாம் கட்டுவது, பகிர்ந்துகொள்வது, பெறுகிறவர் கட்டுவது என்று மூன்று விதம் உண்டு. இதைப் பேசாமல் விட்டால் ஒவ்வொரு தவணையும் கொஞ்சம் குறைவாகப் போய்ச் சேரும், அதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு மெயில் சங்கிலி. வரி பிடித்தம் இருக்கிறதா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தகராறு வந்தால் எங்கே போவது? ஒரு நாட்டுக் கோர்ட் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்றுவது சிரமம். நடுவர் தீர்ப்புக்கு 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை இருக்கிறது, 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் நடுவர் மன்றத்துக்குப் போவோம் என்ற பிரிவை வக்கீல்கள் சேர்க்கிறார்கள். ஆனாலும் சின்ன ப்ராஜெக்டில் உங்களை உண்மையில் காப்பாற்றுவது சின்னச் சின்னத் தவணைகளும், கோட் தினமும் உங்கள் கணக்கில் வந்து சேர்வதும்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் மக்களுக்கு நீங்கள் சேவை தந்தால் 25 மே 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும், கோட் எழுதுகிற டீம் உலகில் எங்கே உட்கார்ந்திருந்தாலும் சரி. பயனர் தகவலை அவர்கள் கையாளுகிறார்கள் என்றால் அதற்குத் தனியாக எழுத்து ஒப்பந்தம் வேண்டும். இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது: நிஜப் பயனர் தகவல் அவர்கள் கைக்கே போகாமல் பார்த்துக்கொள்வது. ஸ்டேஜிங்குக்குப் பொய்த் தகவலை உருவாக்கித் தாருங்கள்.

4. எல்லாக் கணக்கும் உங்கள் பெயரில்

டொமைன் (தளத்தின் பெயர்), டிஎன்எஸ் (அந்தப் பெயரைச் சர்வரோடு இணைக்கும் அமைப்பு), ஹோஸ்டிங், கோட் ரெப்போ (கோட் சேமித்து வைக்கும் இடம்), பேமெண்ட் கேட்வே, மெயில் அனுப்பும் சேவை, அனலிடிக்ஸ். இவை ஒவ்வொன்றையும் நீங்களே உங்கள் நிறுவன முகவரியில் திறந்து, பிறகு டீமுக்கு அனுமதி கொடுங்கள். அவர்கள் திறந்து உங்களுக்கு அனுமதி தருவது கூடாது. ஒருமுறை "நாங்களே டொமைனை வாங்கிவிடுகிறோம், பில்லில் சேர்த்துவிடுகிறோம்" என்று ஒரு டெவலப்பர் சொன்னார், நானும் சரி என்றேன். இரண்டு வருடம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போயிருந்தார், புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் அவருடைய மூடப்பட்ட முகவரிக்குப் போயின, ஒரு காலையில் தளமும் இல்லை, அந்த டொமைனில் இருந்த எங்கள் மெயிலும் இல்லை. நல்ல மனிதர், தேடிப் பிடித்ததும் உதவினார். ஆனால் அந்த நான்கு நாளை நான் மறக்கவில்லை.

ஒவ்வொருவருக்கும் தனி லாகின், இரண்டடுக்குப் பாதுகாப்பு கட்டாயம், பாஸ்வேர்டை சாட்டில் அனுப்பாதீர்கள், பாஸ்வேர்ட் மேனேஜர் வழியாகப் பகிருங்கள். ஏபிஐ சாவிகள் (மற்ற சேவைகளோடு பேச உங்கள் மென்பொருள் காட்டுகிற ரகசியக் குறியீடுகள்) கோடுக்குள் இருக்கக் கூடாது. கோட் முதல் நாளிலிருந்தே உங்கள் ரெப்போவில் ஏற வேண்டும். "முடிந்ததும் மொத்தமாகத் தருகிறோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கோட் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கிற கிட் என்ற கருவியே 2005இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக, உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்து ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலை செய்கிறவர்களுக்காக உருவானது. நம் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

5. நேரமும் காலண்டரும்

முதலில் ஒரு தாளில் இரண்டு பக்கத்து வேலை நேரத்தையும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற நேரம் தினமும் குறைந்தது இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும். இயல்பாக இல்லாவிட்டால் யார் எந்த நாளில் முன்னதாக வருவது, யார் தாமதமாக இருப்பது என்று பேசி முறை வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஒரே பக்கத்து ஆட்களே ராத்திரி உட்கார்ந்திருந்தால் மூன்றாவது மாதத்தில் அவர்கள் களைத்துப்போவார்கள்.

இந்தத் தாள் வருடத்தில் சில முறை மாறும். அமெரிக்காவில் கோடை நேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பது) மார்ச் இரண்டாவது ஞாயிறு தொடங்குகிறது, ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் இரண்டு மூன்று வாரம் வழக்கமான வித்தியாசம் ஒரு மணி நேரம் மாறி நிற்கும். முடியும்போதும் ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு, அங்கே ஒரு வாரம் இடைவெளி. ஜப்பான் போன்ற நாடுகள் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. நேபாளத்தின் நேரம் யூடிசிக்கு 5 மணி 45 நிமிடம் முன்னால், ஆகவே எல்லா வித்தியாசமும் முழு மணி நேரமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். மீட்டிங் அழைப்பைக் காலண்டர் வழியாகவே அனுப்புங்கள், சாட்டில் "நாளைக்கு 4 மணிக்கு" என்று போடாதீர்கள். யாருடைய நாளை, யாருடைய 4 மணி?

வார விடுமுறையும் எல்லா இடத்திலும் சனி ஞாயிறு இல்லை, எகிப்திலும் வங்கதேசத்திலும் வெள்ளி சனி. இரண்டு நாட்டு விடுமுறைகளையும் ப்ராஜெக்ட் தொடங்கும்போதே ஒரே காலண்டரில் போட்டுவிடுங்கள். தேதியை 2026-04-03 என்ற ஐஎஸ்ஓ 8601 முறையில் எழுதுங்கள். 03/04 என்று எழுதினால் ஒருவருக்கு அது மார்ச் 4, இன்னொருவருக்கு ஏப்ரல் 3.

இந்தத் தேதிச் சிக்கல் கோடுக்குள்ளும் வரும். நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் விற்கிற ஒரு தளத்தில் சில பயனர்களுக்கு மட்டும் நிகழ்ச்சி ஒரு நாள் முன்னதாகக் காட்டியது. டீமிடம் சொன்னோம், "எங்களுக்குச் சரியாகத்தான் தெரிகிறது" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். நாங்கள் எங்கள் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினோம். இப்படியே நான்கு சுற்று, ஐந்து நாள். காரணம் இதுதான்: பிரவுசரில் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2026-03-10 என்று வெறும் தேதியைக் கொடுத்தால் அது யூடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும், அதைப் பயனரின் உள்ளூர் நேரத்தில் காட்டினால் கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவருக்கு இன்னும் மார்ச் 9 மாலைதான். டீம் கிழக்கே இருந்தது, அவர்கள் கம்ப்யூட்டரில் அது தப்பாகக் காட்ட வாய்ப்பே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பக் (பிழை) டிக்கெட்டிலும் பயனரின் நேர மண்டலம் கட்டாயக் கட்டம். சோதனை செய்யும்போதும் கம்ப்யூட்டரின் நேர மண்டலத்தை மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.

6. வேலையைப் பிரிப்பது

ஒரு நிறுவனத்தில் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அவர்கள் உருவாக்குகிற மென்பொருளும் அதே வடிவத்தில்தான் வரும் என்று கணினி விஞ்ஞானி மெல்வின் கான்வே 1968இலேயே எழுதிவிட்டார். வெளிநாட்டு டீமோடு வேலை செய்கிறவர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்: எங்கே பேச்சு குறைவாக இருக்கப் போகிறதோ அங்கே வேலையை வெட்டுங்கள். திரை இங்கே, அதற்கான ஏபிஐ (திரைக்குத் தகவல் தரும் பின்பக்க இணைப்பு) அங்கே என்று பிரித்தால் ஒவ்வொரு பட்டனுக்கும் கடல் தாண்டிப் பேச வேண்டியிருக்கும். "ரிப்போர்ட் பகுதி முழுவதும் உங்களுடையது, டேட்டாபேஸிலிருந்து திரை வரை" என்று முழுத் துண்டாகக் கொடுத்தால் பேச்சு அவர்களுக்குள்ளேயே முடிந்துவிடும்.

வேறு வழியில்லாமல் இரண்டு டீமின் வேலை ஓரிடத்தில் சந்திக்கிறதென்றால், முதலில் அந்தச் சந்திப்பை ஓப்பன்ஏபிஐ (ஏபிஐகளை விவரித்து எழுதுவதற்கான பொது வடிவம்) போன்ற ஒரு முறையில் எழுதி, அதை வைத்துத் தானாக ஓடுகிற சோதனையையும் போடுங்கள். எழுதினால் மட்டும் போதாது. 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் செவ்வாயை அடைந்த நாளில் தொலைந்துபோனது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கை பவுண்டு அளவில் தந்தது, அதை வாங்கியவர்கள் நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டார்கள். ஆவணத்தில் மெட்ரிக் அளவு என்று தெளிவாகவே இருந்தது. ஒரு பக்கம் அதைப் பின்பற்றவில்லை, அது சோதனையிலும் பிடிபடவில்லை. நம் தளத்தில் அதே தவறு, விலை முழு ரூபாயிலா பைசாவிலா, நேரம் நொடியிலா மில்லிநொடியிலா என்ற உருவத்தில் வரும்.

ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 4 பேர் இருந்தால் அவர்களுக்குள் 6 ஜோடிகள், 8 பேர் என்றால் 28. சின்ன டீமாகத் தொடங்குங்கள்.

முதல் வாரத்தில் டிசைனோ லாகினோ வேண்டாம். ஒரே ஒரு பக்கம், டேட்டாபேஸிலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டுகிற பக்கம், நிஜ சர்வரில் ஓட வேண்டும், கோடில் எதையாவது மாற்றினால் அது தானாக அங்கே போய்ச் சேர வேண்டும். பார்க்க ஒன்றுமே இருக்காது, ஆனால் அனுமதி, சாவி, சர்வர் பிரச்சினைகள் எல்லாம் அந்த வாரத்திலேயே வெளியே வந்துவிடும்.

7. அன்றாட ஓட்டம்

இந்தப் படியைச் சரியாகச் செய்தால் பாதி வெற்றி, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கேள்வி கேட்பதற்கு ஒரு வடிவத்தை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். கேள்வி என்ன, நீங்கள் நினைக்கிற பதில் என்ன, எங்களிடமிருந்து பதில் வராவிட்டால் எதை வைத்து வேலையைத் தொடர்வீர்கள், இந்த மூன்றும் எப்போதும் சேர்ந்து வர வேண்டும். இப்படி: "ஆர்டரை ரத்து செய்தால் கூப்பனைத் திரும்பத் தர வேண்டுமா? தரலாம் என்று நினைக்கிறேன், காலாவதி ஆகாமல் இருந்தால் மட்டும். நாளை காலைக்குள் பதில் இல்லையென்றால் அப்படியே செய்கிறேன், பிறகு மாற்ற வேண்டுமென்றால் ஒரு மணி நேர வேலைதான்." இந்தக் கேள்விக்கு நீங்கள் "சரி" என்று ஒரே சொல்லில் பதில் போடலாம், தூங்கிப்போனாலும் வேலை நிற்காது. என் அனுபவத்தில் வேறு எந்த மாற்றமும் இவ்வளவு நாளை மிச்சப்படுத்தியதில்லை.

நீங்கள் அனுப்புகிற டிக்கெட்டும் அதே தரத்தில் இருக்க வேண்டும். "தேடல் வேலை செய்யவில்லை" என்பது டிக்கெட் இல்லை. எந்தப் பக்கம், என்ன தட்டினீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது, எந்த போன், எந்த பிரவுசர், எத்தனை மணிக்கு, முடிந்தால் 20 நொடி ஸ்கிரீன் வீடியோ. எழுத ஐந்து நிமிடம் ஆகும். எழுதாவிட்டால் ஒரு நாள் ஆகும்.

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எந்த நாட்டவரானாலும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள், பலருக்கு "ஆமாம்" என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று மட்டுமே அர்த்தம். "இதை எப்படிச் செய்யப் போகிறீர்கள், எதில் தொடங்குவீர்கள்?" என்று கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும். அதேபோல உங்கள் மொழியின் சிலேடை, பழமொழி, நையாண்டி எதையும் வேலை மெயிலில் வைக்காதீர்கள்.

கெட்ட செய்தியை எப்படி வாங்கிக்கொள்கிறீர்கள் என்பதிலும் நிறைய இருக்கிறது. "இது வியாழனுக்குள் முடியாது" என்று ஒருவர் திங்கள்கிழமையே சொன்னால் அவருக்கு நன்றி சொல்லுங்கள், எல்லாரும் பார்க்கிற இடத்தில். முதல் முறை கோபப்பட்டீர்களென்றால் அடுத்த கெட்ட செய்தி வியாழன் இரவுதான் வரும்.

தினமும் எழுத்தில் மூன்று வரி போதும், நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன, எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன். வாரம் ஒரு டெமோ, ஸ்டேஜிங்கில், நீங்கள் மவுஸைப் பிடித்து. ஸ்லைடும் ஸ்கிரீன்ஷாட்டும் டெமோ ஆகாது. போனில் பேசி எடுத்த முடிவுகளை அன்றே ஒரு கோப்பில் தேதி, முடிவு, காரணம் என்று எழுதி வையுங்கள்; மூன்று மாதம் கழித்து "யார் இப்படிச் செய்யச் சொன்னது" என்ற கேள்வி கண்டிப்பாக வரும்.

புல் ரிக்வெஸ்ட்கள் (கோட் மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகள்) சின்னதாக, ஒன்றில் ஒரு விஷயம் மட்டும். ஒரு வேலை நாளுக்குள் பார்த்துவிடுங்கள். உங்கள் பக்கம் கோட் படிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் வாரத்துக்குச் சில மணி நேரம் பார்க்க டீமுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை அமர்த்துங்கள். அந்தச் செலவைத் தவிர்க்க நினைக்காதீர்கள்.

8. நாள் தள்ளும்போது

"90 சதவீதம் முடிந்தது" என்ற அதே வரி மூன்றாவது வாரமாக வந்தால், ரெப்போவில் கமிட்கள் (பதிவாகிற கோட் மாற்றங்கள்) குறைந்தால், டெமோ ஒரு வாரம் தள்ளி இன்னொரு வாரமும் தள்ளினால், உடனே பேசுங்கள். எத்தனை சதவீதம் என்று கேட்காமல், எதெல்லாம் ஸ்டேஜிங்கில் ஓடுகிறது என்று கேளுங்கள். அப்புறம் வசதிகளில் எதைத் தள்ளிப்போடலாம் என்று பாருங்கள். ஆளைக் கூட்டாதீர்கள், புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவரின் நேரம்தான் போகும். நடுவில் புதிதாக எதையாவது கேட்டால், எத்தனை நாள், எவ்வளவு பணம், எதைப் பின்னால் தள்ளும் என்று அவர்கள் எழுதி, நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். சின்ன மாற்றம்தானே என்று வாய்வார்த்தையில் விட்ட இருபது மாற்றங்கள் சேர்ந்துதான் ஒரு மாதத் தாமதம் ஆகிறது.

9. சோதனையும் பேக்கப்பும்

முதல் படியில் எழுதிய கதைகளை எடுத்து, எழுதிய வரிசையிலேயே, பழைய போனில், மெதுவான இணையத்தில் நீங்களே செய்து பாருங்கள். டீமின் தானியங்கிச் சோதனைகள் இதோடு கூடுதலாகத்தான், இதற்கு மாற்றாக இல்லை.

பேக்கப் எடுக்கிறோம் என்று சொன்னால் போதாது, உங்கள் கண் முன்னால் ஒரு காலி சர்வரில் அதை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். 2017 ஜனவரி 31 அன்று, கோட் சேமித்து வைக்கும் சேவை தருகிற கிட்லேப் நிறுவனத்தின் இன்ஜினியர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப் ஓடாமலேயே இருந்திருக்கிறது, அது தோற்றுப்போனதைச் சொல்கிற மெயில்களும் யாரையும் எட்டவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்திருந்த ஒரு நகல் இருந்ததால் மீண்டார்கள். என்ன நடந்தது என்பதை அவர்களே ஒளிவுமறைவில்லாமல் வெளியிட்டார்கள், அதனால்தான் நமக்கு இது தெரியும்.

10. லைவ் போவது, ஒப்படைப்பது

இரண்டு டீமும் விழித்திருக்கிற நேரத்தின் தொடக்கத்தில், வாரத்தின் முதல் பாதியில் லைவ் போங்கள். யாருடைய விடுமுறைக்கும் முந்தைய நாள் வேண்டவே வேண்டாம். டிஎன்எஸ் மாற்றம் இருந்தால் ஓரிரு நாள் முன்பே டிடிஎல் அளவை (பழைய முகவரியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கிற நேரத்தை) 300 நொடிக்குக் குறைத்து வையுங்கள், தப்பானால் பழைய சர்வருக்குச் சீக்கிரம் திரும்பலாம். எந்த நிலை வந்தால் திரும்புவது, அந்த முடிவை யார் எடுப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள், பதற்றத்தில் அதைப் பேச நேரம் இருக்காது.

ஒப்படைப்புக்கு நான் வைக்கிற பரீட்சை ஒன்றுதான். இந்த ப்ராஜெக்டைப் பார்த்தே இராத ஒரு டெவலப்பர், புதிய லேப்டாப், ரெப்போவில் இருக்கிற ரீட்மீ கோப்பு (தளத்தை எப்படி ஓட வைப்பது என்ற குறிப்பு) மட்டும். யாரிடமும் கேட்காமல் அவர் தளத்தைத் தன் கம்ப்யூட்டரில் ஓட வைத்து, ஒரு சின்ன எழுத்து மாற்றத்தைச் செய்து ஸ்டேஜிங்கில் ஏற்ற வேண்டும். எங்கெங்கே மாட்டிக்கொள்கிறாரோ அதை டீம் ரீட்மீயில் சேர்க்கும், பிறகு அவர் முதலிலிருந்து மறுபடி செய்வார். அவர் நிற்காமல் முடித்த அன்றைக்குக் கடைசித் தவணையை அனுப்பிவிடுங்கள், ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

உத்தரவாதக் காலம் 30 நாளோ 60 நாளோ, எது பக், எது புதிய வேலை என்பது ஒப்பந்தத்தில் எழுதியபடி. அது முடிகிற தேதியைக் காலண்டரில் போட்டு, அன்றைக்கு உட்கார்ந்து அவர்களுடைய எல்லா அனுமதிகளையும் நீக்கி, ஏபிஐ சாவிகளையும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். டொமைன் புதுப்பிக்கிற அட்டை எப்போது காலாவதி ஆகிறது என்பதையும் அதே காலண்டரில் குறித்து வையுங்கள்.